குப்பைமேட்டுக்கு ஒரு விளக்கு

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பாடமோ பரீட்சையோ இல்லை, எங்கள் கோயில் பள்ளியின் பின்சுவரை ஒட்டி இருந்த குப்பைமேடுதான். என்னோடு பர்மாவில், மோல்மேன் ஊரில் படித்தவர்கள் இதைப் படித்தால் இந்நேரம் அந்தச் சுவரும் அதன்மேல் சாய்ந்து கிடந்த முருங்கையும் கண்முன் வந்திருக்கும்.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. 1964ல் கடைகண்ணிகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள், அதே வருடம் மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், நம் ஜனங்களில் பாதிப் பேர் கப்பல் ஏறினார்கள். அடுத்த வருடம் தனியார் பள்ளிகளும் அரசிடம் போயின. அதற்கப்புறம் எங்களுக்குத் தமிழ் கிடைத்த இடம் கோயில் மண்டபம் ஒன்றுதான். பகல் முழுக்கப் பர்மியப் பள்ளியில் 'கஜீ, ககுவே' என்று பர்மிய எழுத்து, சாயங்காலம் மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து அ, ஆ.

வாத்தியார் ஐயா சம்பளம் என்று எதுவும் வாங்கியதில்லை. அவர் கறாராக இருந்தது ஒரே விஷயத்தில், திருக்கார்த்திகை அன்று ஒரு பிள்ளைகூட வராமல் இருக்கக்கூடாது. எண்ணெய் அப்போது அளந்து கொடுத்த காலம், மணிக்கணக்கில் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். அதனால் வீட்டுக்கு ஒரு கரண்டி எண்ணெய், கிழிந்த வேட்டித் துணி ஒரு முழம், அவ்வளவு கொண்டுவந்தால் போதும் என்பார். மத்தியானமே புது அகல்களை வாளித் தண்ணீரில் போட்டுவிடுவோம். ஊறாத அகல் எண்ணெயைத் தானே குடித்துவிடும், அந்தக் காலத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் பெரிசு. வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, துணியைத் தொடையில் உருட்டித் திரி செய்து வரிசையாக அடுக்கும்போது கையெல்லாம் ஈர மண்வாசனையாக இருக்கும்.

அப்புறம் யார் எங்கே விளக்கு வைப்பது என்று ஐயா சொல்லுவார். வாசல்படி, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, அரசமரத்தடி. எனக்குப் பத்து வயதிருக்கும், அந்த வருடம் எப்படியும் சந்நிதி வாசல் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் தேவாரம் ஒப்பிப்பதில் நான்தான் முதல். ஐயா என்னைப் பார்த்து, "நீ குப்பைமேட்டுக்கு வை" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் அப்படி என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அகலை என் உள்ளங்கையில் வைத்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அழுகின வாழைமட்டை, சாம்பல், மீன்முள், அதில் மொய்க்கிற ஈ. "தீபம் வைக்கும்போது ஒரு சுலோகம் சொல்கிறோமே, அதில் யார் யார் வருகிறார்கள்?" என்றார். புழு, விட்டில், கொசு, மரம், தண்ணீரிலும் தரையிலும் திரிகிற அத்தனை உயிரும், எந்தக் குலத்தில் பிறந்த மனிதனும், இந்த விளக்கைப் பார்த்தால் அதற்கு இனிப் பிறவி இல்லை என்பது அதன் பொருள். சொன்னேன். "புழு எங்கே இருக்கும்? அது சந்நிதிக்கு வந்து பார்க்குமா? நாமதான் தம்பி கொண்டுபோய்க் காட்டணும்."

எங்கள் குடும்பங்களில் குப்பைக்கு விளக்கு வைக்கிற வழக்கம் ஊரிலிருந்தே வந்தது, மறுநாளைக்குக் குப்பைக் கார்த்திகை என்றே பெயர் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதன் பொருள் விளங்கியது அன்றைக்குத்தான். அண்ணாமலையாரின் அடியையும் முடியையும் திருமாலும் பிரமனும் தேடிக் காணாமல் நின்ற கதையை ஐயா வருடா வருடம் சொல்லுவார். யார் பெரியவர் என்ற சண்டையை அவர் சீக்கிரம் முடித்துவிடுவார். அடியும் முடியும் இல்லாத ஒளிக்கு உள்ளே வெளியே என்று எல்லை ஏது என்பதில்தான் நிறைய நேரம் நிற்பார். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுவதும் அதற்காகத்தானாம், கோயிலுக்குள் வரமுடியாதவனும், வயலில் நிற்கிற மாடும், பறக்கிற பறவையும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கட்டும் என்று. நான் பின்னாளில் கேட்ட எத்தனையோ சொற்பொழிவுகளை விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மோல்மேனில் எங்களுக்கு இன்னொரு பாக்கியமும் இருந்தது. பர்மியர்கள் விளக்கேற்றிக் கொண்டாடும் தசாங்டைன் பௌர்ணமியும் நம் கார்த்திகையும் சில வருடங்களில் ஒட்டி ஒட்டி வரும், சில வருடம் ஒரு மாதம் தள்ளிப் போகும். ஒன்றாக வந்த வருடங்களில் ஊரே விளக்குதான். அவர்கள் வேலியிலும் வராந்தாவிலும் மெழுகுவத்தி, நாங்கள் வாசலில் அகல், மேலே குன்றின்மேல் சைக்தன்லான் பகோடா பொன்னாக எரியும். எங்கள் அப்பாயி அதைப் பார்த்து, "அண்ணாமலையானே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். தசாங்டைன் இரவுக்கு உரியதும் அதே கார்த்திகை நட்சத்திரம்தான், பாலியில் அவர்கள் சொல்லும் பெயரும் நம் பெயரும் ஒரே வேர். அந்த இரவில் பறித்த மெசலி மரத்து மொட்டுக்கு மருந்துச் சக்தி அதிகம் என்பார்கள். கசப்புப் போக வேகவைத்துப் பிழிந்து, வேர்க்கடலையும் எள்ளும் சேர்த்துப் பிசைந்து எங்களுக்கும் வந்துவிடும். நாங்கள் வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டை கொடுத்தனுப்புவோம். சொக்கப்பனைச் சாம்பலைக்கூட வாங்கிப்போய் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

குப்பைமேட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பர்மாக்காரம்மா இருந்தார், 'அடோ' என்று கூப்பிடுவோம், நம் சித்தி, அத்தை மாதிரி. நான் அகலை வைத்துவிட்டுக் காற்றுக்குக் கையால் அணைபிடித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "ஏண்டா, இங்கே புத்தரும் இல்லை, உன் சாமியும் இல்லை, யாருக்கு இது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பர்மியத்தில் புழுவுக்கு, கொசுவுக்கு, ஈக்கு என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு மெழுகுவத்தி எடுத்து வந்து, அடிப்பக்கத்தைச் சூடு காட்டி, உடைந்த ஓட்டில் ஒட்டி, என் அகலுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த வருடத்திலிருந்து அங்கே எப்போதும் இரண்டு விளக்கு.

நான் இப்போது சிங்கப்பூரில், பன்னிரண்டாவது மாடியில். வாசலில் வைத்தது போக ஓர் அகலைக் குப்பை கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, எரிந்து முடிகிறவரை கூடவே நிற்கிறேன். பேத்தி அவள் பள்ளியில் படித்த பூச்சிகளின் பெயரையெல்லாம் சேர்த்துச் சொல்கிறாள்.

மோல்மேனில் இன்னும் இருக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். அந்தப் பின்சுவர் இருக்கிறதா என்று எழுதுங்கள். இருந்தால் இந்தக் கார்த்திகைக்கு என் பேரில் அங்கே ஓர் அகலும், பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியும் வையுங்கள்.