சோம்பல் என்று நான் நினைத்தது

2025 ஜூன் 9, திங்கள்

பத்து வயது மகளைப் படிக்க உட்கார வைப்பதற்குள் மாலையில் ஒரு மணி நேரம் கரைந்துவிடுகிறது. பாடத்துக்கு ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் பரிசு என்று சென்ற வாரம் நான் செய்த ஏற்பாட்டின் விளைவாக, அவள் விரும்பிப் படிக்கும் கதைப்பாடத்தைத் திறக்கும்போதுகூட "இதுக்கு எத்தனை நட்சத்திரம்?" என்றாள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் நடத்திய ஆய்வில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த மழலையரிடம் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தபோது, அவர்கள் பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது. நட்சத்திர அட்டையை இன்றே கழற்றிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

எதுவும் பேசாமல் அவள் அருகில் அமர்ந்து பார்த்தேன். ஒரே இடத்தை அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது; அதன் கீழே 1/3 + 1/4 = 2/7 என்று இருந்தது. தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டியிருக்கிறாள். எத்தனை நாளாக இப்படிக் கூட்டித் தவறு வாங்கினாளோ! தாள் கீற்று ஒன்றைப் பன்னிரண்டு கட்டங்களாக மடித்து, மூன்றில் ஒரு பங்குக்கு நான்கு கட்டமும் நான்கில் ஒரு பங்குக்கு மூன்று கட்டமும் வண்ணம் தீட்டச் சொன்னேன். ஏழு கட்டங்களை எண்ணி முடித்து, "அப்போ பன்னிரண்டில் ஏழா?" என்று நிமிர்ந்தாள். புரியாமல் தவித்த குழந்தையைச் சோம்பேறி என்று ஏசியிருக்கிறேன், மனம் ஆறவில்லை.

ஜூன் 16, திங்கள்

நேரத்தை அவளே குறித்தாள்: விளையாடி வந்து கை கால் கழுவியதும் பதினைந்து நிமிடம். தெரிந்த கணக்கு ஒன்றில் தொடங்குகிறோம்.

ஜூன் 24, செவ்வாய்

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்தி, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லச் சொல்கிறேன். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி வாசித்தவர்களே முந்துகிறார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவுகூர்ந்து பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருக்கிறது. முதல் நாள் சொல்லத் திணறினாள். அந்தத் திணறலை நான் இடையில் புகுந்து தடுக்கக் கூடாது என்பதே எனக்குக் கடினமாக இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

நேற்று விருந்தினர் வந்ததால் படிப்பு நடக்கவில்லை. எல்லாம் வீணாயிற்றோ என்று பதறினேன். ஆனால் ஃபிலிப்பா லாலி குழுவினரின் ஆய்வில் ஒரு பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை ஆனது, இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை. எனவே நேற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மாலையில் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தவள், புத்தகத்தை என்னிடம் நீட்டி, "அம்மா, நீ கேளு, நான் சொல்றேன்" என்றாள்.