ரசீது வேண்டாம், எஃப்.ஐ.ஆர். கொடுங்கள்

ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிற பெண்ணின் கையில் முதலில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீதுதான். புகார் வந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி, வழக்குப் பதிவானால் தருவதுதான் எஃப்.ஐ.ஆர். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் அத்தோடு சரி. எனக்கும் அதைத்தான் நீட்டினார்கள். இப்போது எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கிறது, ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. நம் குமரி மாவட்டத்தில் தினமும் பஸ் ஏறுகிற பெண்களுக்காக எழுதுகிறேன்.

வடசேரியிலிருந்து தக்கலைப் பக்கம் போகும் டவுன் பஸ், சாயங்கால நெரிசல். பின்னால் நின்றவன் உடம்பில் கை வைத்தான். தட்டிவிட்டேன், மறுபடியும் வைத்தான். சத்தம் போட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா மட்டும் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். நான் அவன் முகத்தை போனில் எடுத்துக்கொண்டேன்.

வண்டியை ஸ்டேஷனுக்கு விடச் சொல்லிக் கண்டக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் முடியாதும்மா, டைம் போயிரும். அவன இறக்கி விட்டுருதேன்" என்றார். அடுத்த நிறுத்தத்திலேயே அவனை இறக்கியும் விட்டார். தப்பிக்க வழி செய்து கொடுத்தது போலத்தான் ஆயிற்று. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, பொது இடத்தில் பெண்களைத் தொல்லை செய்வதற்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால் ஊழியர்கள் வண்டியைப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போக வேண்டும், தவறினால் அவர்களுக்கும் தண்டனை என்று அதில் இருக்கிறது. 2025இல் அந்தச் சட்டத்தில் தண்டனையையும் உயர்த்தியிருக்கிறார்கள். பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் இது தெரியவில்லை. கண்டக்டருக்குத் தெரியாமல் இருந்ததைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மைனியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல ஆம்பளையாளு யாரும் வரலியா?" அடுத்தது, "எந்த இடத்துல வச்சு நடந்தது? பாலம் தாண்டியா, தாண்டுறதுக்கு முன்னயா?" ஓடுகிற பஸ்ஸில் நடந்ததற்கு எந்த இடம் என்று சொல்வது? எங்கள் எல்லை இல்லை என்று இன்னொரு ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். அங்கே, முதலில் போன இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். இந்த அலைச்சலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். இந்த மாதிரிக் குற்றங்களில் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இதைச் சொன்ன பிறகுதான் உட்காரச் சொன்னார்கள். ரைட்டர் தட்டச்சு செய்த தாளைக் கையெழுத்துக்கு நீட்டினார். படித்துப் பார்த்தால், "கூட்ட நெரிசலில் உரசியதால் வாய்த்தகராறு ஏற்பட்டது" என்று இருந்தது. நான் சொன்னது அதுவா? பிரிவும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296 மட்டும்தான், அதாவது பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது. அதிகபட்சம் 3 மாதம். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவுதான், ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கத்தோடு கை வைப்பதற்கு உரியது. குறைந்தது 1 வருடம், அதிகபட்சம் 5 வருடம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, கோர்ட்டு பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு என்கிற பிரிவு. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "எதுக்கு பிள்ளே கேஸும் கோர்ட்டும்? ஆளு பேரே தெரியாது" என்றார் அங்கிருந்த ஏட்டு. பேர் தெரியாதவர் மீதும் எஃப்.ஐ.ஆர். போடலாம். அதற்குப் பிறகு நீட்டியதுதான் அந்த சி.எஸ்.ஆர். ரசீது.

எனக்கு வழி காட்டியது நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். அங்கே வந்த வக்கீல் அக்கா என்னிடம் பொறுமையாகக் கேட்டு அரைப் பக்கத்தில் புகார் எழுதினார். பிறகு எஸ்.பி.க்கு ஒரு மனு. 74ஆம் பிரிவில் வரும் தகவலைப் பதிய மறுக்கிற போலீஸ்காரருக்கே, அதே நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவுப்படி 6 மாதம் முதல் 2 வருடம் வரை கடுங்காவல் உண்டு என்ற வரியை அதில் சேர்த்தார். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினேன்.

அப்புறம் ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டார்கள். ஒரு பெண் எஸ்.ஐ. நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வாசித்துக் காட்டினார். 74ஆம் பிரிவும் 1998 சட்டமும் சேர்ந்து எஃப்.ஐ.ஆர். ஆனது. நகலைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள், அதுவும் நம் உரிமை. மைனி அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

கட்டணமில்லாத மகளிர் டிக்கெட்தானே என்று கசக்கி எறிந்துவிடாதீர்கள். என் சீட்டில் தேதியும் நேரமும் இருந்ததால்தான் எந்த பஸ் என்ற கேள்வியே எழவில்லை. பஸ் நிலையக் கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடலாம், அதனால் எடுத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். புகார் தாமதமானால் காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள். நான் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்ததை அப்படியே எழுதினேன். சாட்சி சொல்ல யாராவது முன்வந்தால் அங்கேயே நம்பர் வாங்கிவிடுங்கள். சட்டையைப் பிடித்த அந்த அம்மாதான் இன்று என் முக்கியச் சாட்சி.

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தது சிரமமில்லாமல் முடிந்தது.

போட்டோவை வைத்து ஆளைப் பிடித்தார்கள். உடனே அவன் வீட்டார், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தார்கள். "பையன் வாழ்க்கை போயிரும் மக்களே" என்று என் அப்பாவிடம் கெஞ்சினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் பேசி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் 74ஆம் பிரிவு இல்லை என்று வக்கீல் அக்கா முன்பே சொல்லியிருந்தார். அதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். கோர்ட்டில் ஜாமீன் வாங்கி வந்துவிட்டான், ஆனால் வழக்கு நிற்கிறது.

குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். கேட்டு எழுதிக் கொடுத்து, என் நகலில் ஸ்டேஷன் முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். கண்டக்டர் மீது கொடுத்த மனு தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது.