தேரி மணலில் ஆர்15

பங்குனி உத்திரக் கூட்டம் வடிந்த பிறகு, என் யமஹா ஆர்15 ஸ்போர்ட்ஸ் பைக்கை எடுத்துக்கொண்டு, திருச்செந்தூர் பக்கமுள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனேன். திரும்பும்போது தார்ச்சாலையை விட்டுத் தேரிக்காட்டு, அதாவது செம்மணல் மேட்டுக் காட்டு, மண்தடத்தில் இறங்கினேன். இருபுறமும் பனை, நடுவே செக்கச்செவேலென்று மணல்.

தொடக்கத்தில் கெட்டித்தரைதான், வண்டியின் அடி எங்கும் தட்டவில்லை. சிக்கலே மணலில்தான். கைப்பிடி தாழ்வாக இருப்பதால் உடம்பின் பாரம் முன்னால் விழுகிறது, முன்சக்கரம் மணலைக் கீறிக்கொண்டு புதைகிறது. பயந்துபோய் ஆக்சிலேட்டரை விட்டேன். அவ்வளவுதான், வண்டி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு அடியில்லை. கிளட்ச் லீவர் மட்டும் வளைந்தது.

பதநீர் இறக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். "தம்பி, டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்கிட்டுப் போங்க" என்றார். இறக்கினேன். டயர் அகலமாகப் பதிந்ததும் வண்டி மிதந்து போவது போல் இருந்தது, அப்படி ஒரு நிம்மதி!

அப்புறம் பின்னால் தள்ளி உட்கார்ந்து, முழங்கால்களால் டேங்கை இறுக்கி, கைகளைத் தளர்த்திவிட்டேன். இரண்டாம் கியர், சீரான வேகம். முன் பிரேக்கைத் தொடவே இல்லை. முன்சக்கரம் இப்படியும் அப்படியும் அலையும். அதை அலையவிட வேண்டும், இதைப் பழகத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

காயாமொழி வந்ததும் முதல் வேலையாகப் பஞ்சர் கடையில் காற்றடித்தேன். செயினில் ஒட்டிய செம்மண்ணை அன்று இரவே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.