பேப்பர் போடுறதுக்கு முன்னாடி

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா பையன் போன் பண்ணான். ஹலோ கூட சொல்லல, எடுத்ததும் "மாமா, நாளைக்கு பேப்பர் போடப்போறேன்"னான், அதான் வேலைய ராஜினாமா பண்றது. ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ப்ரொடக்‌ஷன்ல இருக்கான், மூணு ஷிஃப்ட், அன்னிக்கு லைன்ல ரிஜெக்‌ஷன் ஏதோ வந்து மேனேஜர் எல்லார் முன்னாடியும் கத்திட்டாராம். சரிடா, அடுத்து என்னன்னேன். "ஐடிக்குப் போயிடலாம்னு இருக்கேன்." ஐடின்னா எதுடா? "ஏதாவது கோர்ஸ் பண்ணிக்கலாம் மாமா."

அந்த "ஏதாவது கோர்ஸ்" காதுல விழுந்ததும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. 2015ல நானும் இதையேதான் சொன்னேன். மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு கம்பெனி பார்த்து, குவாலிட்டில, வெளிய இருந்து வர்ற பார்ட்ஸ அளந்து பார்க்குற இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன், வெர்னியரும் மைக்ரோமீட்டருமா ஆறு வருஷம் ஓடியிருந்துச்சு. கூடப் படிச்சவன் ஐடில என்னைவிட ரெண்டு மடங்கு வாங்குறான்னு தெரிஞ்ச அன்னிக்கே வேளச்சேரில ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஜாவாவுக்கு 28 ஆயிரம் கட்டிட்டேன். நைட் ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல தூங்கிக்கிட்டே வந்து காலைல க்ளாஸ்ல உட்காருவேன். நாலு மாசம். க்ளாஸ்ல இருந்த பாதிப்பேர் அப்பதான் காலேஜ் முடிச்ச பசங்க, அவங்களோட ஃப்ரெஷர் வேலைக்கே போட்டி போடணும், எனக்கோ 28 வயசு, கல்யாணம் பேசிட்டு இருந்தாங்க. கடைசில அந்த இன்ஸ்டிட்யூட் ஆளே தனியா கூப்பிட்டு, "சார், மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி பண்ணித் தர்றோம், பேஸ்லிப்போட, 60 ஆயிரம்"னார்.

சத்தியமா ஒரு வாரம் யோசிச்சேன். நல்லவன்னு சொல்லிக்க இங்க ஒண்ணும் இல்ல, பயந்துட்டேன், அவ்ளோதான். இன்னிக்கும் இந்த மாதிரி பொய் லெட்டர் வாங்கலாமான்னு கேக்குறவங்க இருக்காங்க, அதனால சொல்றேன். பிஎஃப் இருக்குற வேலைன்னா உங்க யூஏஎன் நம்பர்ல (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் நம்பர்) எந்தக் கம்பெனி எந்த தேதில சேர்ந்து எந்த தேதில விட்டீங்கன்னு சர்வீஸ் ஹிஸ்டரி முழுசா கிடக்கும், டிடிஎஸ், அதாவது சம்பளத்துலயே வரி, பிடிச்சிருந்தா உங்க வருமான வரி ஸ்டேட்மென்ட்ல பிடிச்ச கம்பெனி பேரோட நிக்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்காரங்க மொதல்ல பார்க்குறதே இதத்தான். பேஸ்லிப்ப யார் வேணா பிரிண்ட் போடலாம், பிஎஃப் பாஸ்புக்க பிரிண்ட் போட முடியாது. சேர்ந்து ஆறு மாசம் கழிச்சு மாட்டி, சாயங்காலத்துக்குள்ள ஐடி கார்ட வாங்கிட்டு வெளிய அனுப்பின ஆள நானே பார்த்திருக்கேன்.

சரி, எனக்கு வழி எப்படித் திறந்துச்சுன்னா, அது நான் தேடிப்போன இடத்துல இல்ல. 2016ல எங்க ப்ளான்ட்ல எஸ்ஏபி போட்டாங்க, வாங்குறது, ஸ்டாக், குவாலிட்டின்னு கம்பெனி வேலை எல்லாத்தையும் ஒரே இடத்துல நடத்துற சாஃப்ட்வேர். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் கீ யூசர்னு, அத மொதல்ல கத்துக்கிட்டு மத்தவங்களுக்கு சொல்லித்தர ஒரு ஆள் வேணும், எக்ஸ்ட்ரா வேலை, எக்ஸ்ட்ரா சம்பளம் கிடையாது, அதனால யாரும் கை தூக்கல, குவாலிட்டில என் தலைல கட்டினாங்க. நானும் திட்டிக்கிட்டேதான் போனேன். அந்த சாஃப்ட்வேர போட்டுக் குடுக்க வந்த கன்சல்டன்ட் நல்லா படிச்சவர், ஆனா ஒரு சரக்கு உள்ள வந்தா நாங்க என்ன பண்றோம்னு அவருக்குத் தெரியாது. எத்தனை பீஸ் எடுத்துப் பார்ப்போம், எந்த டைமென்ஷன் க்ரிட்டிகல், வெண்டர் பேட்ச் ஃபெயில் ஆனா யார்கிட்ட ஓடுவோம், எல்லாத்தையும் என்கிட்டதான் கேட்டு எழுதிக்கிட்டார். மூணாவது வாரம் கேன்டீன்ல டீ குடிக்கும்போது அவர் சம்பளத்த சும்மா விசாரிச்சேன். டீ ஆறிடுச்சு எனக்கு.

அன்னிக்குத்தான் உறைச்சுச்சு, நான் தூக்கிப்போட்டுட்டு ஓடணும்னு நினைச்ச ஆறு வருஷத்துக்குத்தான் அந்தப் பக்கம் காசு குடுக்குறாங்கன்னு. ஜாவா க்ளாஸ்ல என் ஆறு வருஷத்துக்கு மதிப்பு பூஜ்யம், இங்க அதுதான் சரக்கே. இதத்தான் மருமகன்கிட்ட அரை மணி நேரம் மாத்தி மாத்தி சொன்னேன், உனக்கு ஏற்கனவே தெரிஞ்சது பாதியாவது செல்லுபடி ஆகுற இடமா பாருடான்னு. ஷாப் ஃப்ளோர்ல இருந்து மேல போக எஸ்ஏபி மட்டும்தான்னு இல்ல, சப்ளையர் குவாலிட்டி இருக்கு, ஆடிட் இருக்கு, மெஷின் விக்கிற கம்பெனில அப்ளிகேஷன் இன்ஜினியர் இருக்கு, டிசைன் இருக்கு. எதுக்குப் போனாலும் கையில இருக்குறத வச்சு போ.

அப்புறம் ஒரு விஷயம், இத நான் தற்செயலாதான் கத்துக்கிட்டேன். நாம போக நினைக்கிற வேலைல இருக்குறவங்ககிட்ட "ஸ்கோப் எப்படி சார்"னு கேட்டா எல்லாரும் "சூப்பரா இருக்கு ப்ரோ"ன்னு ஒரு வரில முடிச்சிடுவாங்க. லிங்க்ட்இன்ல நான் ஒரு இருபது பேருக்காவது மெசேஜ் போட்டிருப்பேன், வேலை வாங்கிக் குடுங்கன்னு கேக்கல, நேத்து காலைல ஆபீஸ் போனதுல இருந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் என்ன வேலை பண்ணீங்கன்னு மட்டும் கேட்டேன். ஏழு பேர் பதில் போட்டாங்க, அதுல மூணு பேர் போன்லயே பேசினாங்க. அப்பதான் தெரிஞ்சது கன்சல்டன்ட்னா பாதி நாள் வேர்டு டாக்குமென்ட் எழுதுறது, ஃபங்ஷனல் ஸ்பெக், டெஸ்ட் ஸ்க்ரிப்ட், ராத்திரி எட்டு மணிக்கு ஜெர்மனி கால், கோ-லைவ், அதாவது புது சிஸ்டம் ஓட ஆரம்பிக்கிற நாள், வந்தா சனி ஞாயிறு மறந்துடணும்னு. தெரிஞ்சே போனதால ஏமாறல. அவங்கள்ல ஒருத்தர்தான் ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க கம்பெனில வேகன்சி வந்தப்போ என் ரெஸ்யூமே உள்ள குடுத்தவர். நௌக்ரி வெப்சைட்ல நூத்துக்கணக்குல அப்ளை பண்ணேன், அதுல வந்த கால் எல்லாம் இன்சூரன்ஸ் விக்கிற வேலைக்கு.

நடுவுல அந்த ரெண்டு வருஷம் நான் சும்மா இல்ல. கீ யூசரா இருந்துக்கிட்டே மாஸ்டர் டேட்டா (எந்த மெட்டீரியல், எந்த வெண்டர்ங்கிற அடிப்படை விவரம்) முழுக்க நானே போட்டேன், இன்ஸ்பெக்‌ஷன் ப்ளான் நானே கிரியேட் பண்ணேன், எவனுக்காவது ஸ்டாக் க்யூஐல, அதாவது இன்னும் செக் பண்ணி முடிக்காத சரக்கா, மாட்டிக்கிட்டா என்னத்தான் கூப்பிடுவான். எல்லாத்தையும் ஒரு 200 பக்க நோட்டுல எழுதி வச்சேன், என்ன பிரச்சனை, எப்படித் தீர்த்தேன்னு. ரெஸ்யூமேல "ஹார்ட் வொர்க்கிங், டீம் ப்ளேயர்" எல்லாத்தையும் அடிச்சிட்டு அந்த நோட்டுல இருந்துதான் பத்து வரி எடுத்துப் போட்டேன்.

இன்டர்வியூல என் இங்கிலீஷ் கேட்டா நீங்க சிரிப்பீங்க. ஆனா கேட்டவர் ஒரு கேள்வி கேட்டார், வெண்டர் லாட் ஃபெயில், லைன்ல ரெண்டு மணி நேரத்துக்குத்தான் மெட்டீரியல் இருக்கு, சிஸ்டத்துல என்ன பண்ணுவன்னு. முன்னாடி போனவங்க எல்லாம் டைரக்டா யூசேஜ் டெசிஷன்ங்கிற, சரக்கு பாஸா ஃபெயிலான்னு முடிவு போடுற டிரான்சாக்‌ஷன சொல்லியிருக்காங்க. நான் சொன்னேன், சார் மொதல்ல சிஸ்டம் பக்கமே போக மாட்டேன், ப்ளானிங்ல கூப்பிட்டு வேற மாடல் ஓட்ட முடியுமான்னு கேப்பேன், முடியாதுன்னா நல்ல பீஸ பொறுக்கி எடுக்க நாலு ஆள உக்கார வைப்பேன், விதிவிலக்கா எடுத்துக்கலாம்னு டீவியேஷன் அப்ரூவல் கையெழுத்து வந்தப்புறம்தான் அந்த முடிவு போடுற க்யூஏ11ல நல்ல க்வான்டிட்டிய மட்டும் அன்ரெஸ்ட்ரிக்டடுக்கு, அதாவது லைனுக்கு எடுக்கலாம்னு, மாத்துவேன், மிச்சத்த ப்ளாக் பண்ணுவேன்னு. அவர் சிரிச்சார், "நீங்க ப்ளான்ட்ல அடி வாங்கியிருக்கீங்க"ன்னார். அவ்ளோதான் இன்டர்வியூ.

இப்ப காசு விஷயம், இதுலதான் நான் நல்லா மொட்டை போட்டுக்கிட்டேன், அதனால கொஞ்சம் நீளமா போகும். ஆஃபர் லெட்டர்ல சிடிசி, அதாவது கம்பெனி நமக்காக வருஷத்துக்கு செலவு பண்ற மொத்தம், 6 லட்சம்னு பார்த்து வீட்ல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கினேன். உள்ள பிரிச்சா வேரியபிள், அதாவது வேலையப் பொறுத்து கூடக் குறைய வர்றது, 10 சதவீதம், கம்பெனி போடுற பிஎஃப் அதுலயே, கிராஜுவிட்டின்னு (பல வருஷம் இருந்து வேலைய விடும்போது தர்ற தொகை) பேசிக்ல 4.81 சதவீதம் அதுலயே, இன்சூரன்ஸ் ப்ரீமியமும் அதுலயே. கைக்கு வந்தது பழைய சம்பளத்தவிட மாசம் ரெண்டாயிரம் கம்மி! பரவால்ல, ஃபீல்டு மாறும்போது ஒரு வருஷம் அப்படித்தான் இருக்கும், ஆனா ஸ்வீட் வாங்குறதுக்கு முன்னாடி மாச டேக்-ஹோம் எவ்ளோன்னு எச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு வாங்கிடுங்க.

செப்டம்பர் 2018ல சேர்ந்தேன். அப்ப ஃபார்ம் 12பினு ஒண்ணு இருந்துச்சு, பழைய கம்பெனில அந்த வருஷம் வாங்கின சம்பளத்தப் புதுக் கம்பெனிக்குச் சொல்றது, அதுவரைக்கும் நான் கேள்விப்பட்டதே இல்ல. ரெண்டு கம்பெனியும் தனித்தனியா ரெண்டரை லட்சம் வரிவிலக்கு, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், 80சின்னு சேமிப்புக்கான கழிவு எல்லாத்தையும் கழிச்சிட்டாங்க, யாரும் டாக்ஸே பிடிக்கல, நானும் சந்தோஷமா இருந்தேன். அடுத்த வருஷம் ரிட்டர்ன் போடும்போது ஏழாயிரத்து சொச்சம் கையில இருந்து கட்டினேன்.

பிஎஃப் அதவிட மோசம். 2012ல மொத கம்பெனிய விட்டப்போ மூணு வருஷ பணத்த முழுசா எடுத்து பைக் வாங்கினேன். பென்ஷன் வரணும்னா 10 வருஷ சர்வீஸ் வேணும், பணத்த மாத்தாம எடுத்துட்டா அந்த வருஷம் எல்லாம் கணக்குல இருந்து போயிடும்னு அப்ப சொல்றதுக்கு ஆள் இல்ல. பைக்கும் இப்ப இல்ல. எடுக்காதீங்க, யூஏஎன் இருக்கு, ஆன்லைன்லயே டிரான்ஸ்ஃபர் போட்டுக்கலாம். அப்படியே பழைய கம்பெனி பிஎஃப் ரெக்கார்டுல நீங்க விட்ட தேதிய (எக்ஸிட் டேட்) போட்டுட்டாங்களான்னு பார்த்துக்கங்க, அது போடலன்னா வெரிஃபிகேஷன்ல ரெண்டு இடத்துல வேலை பார்க்குற மாதிரி காட்டும். அப்பா அம்மாவ கம்பெனி இன்சூரன்ஸ்ல போட்டிருந்தா கடைசி வேலை நாளோட அது முடிஞ்சிடும், நடுவுல இடைவெளி விழுந்தா அதுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கணும்.

ரிலீவிங் லெட்டர், அதாவது முறையா விடுவிச்சாச்சுன்னு பழைய கம்பெனி தர்றது, அது பத்தி தனிப்போஸ்ட்டே எழுதலாம். கோவத்துல மெயில் போட்டுட்டு மறுநாள்ல இருந்து வராம நின்னவன் லெட்டர் இல்லாம அலையுறத பார்த்திருக்கேன். நோட்டீஸ் ரெண்டு மாசம்னா ரெண்டு மாசம், பை-அவுட் (மிச்ச நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டிட்டு முன்னாடியே போறது) உண்டான்னு ஆஃபர வாங்கினதுக்கு அப்புறம் பேசுங்க.

இப்ப எனக்கு எஸ்ஏபி கன்சல்டன்ட்டா ஏழு வருஷம் ஆச்சு. எஸ்ஏபி பழைய ஈசிசி வெர்ஷனுக்கு வழக்கமான (மெயின்ஸ்ட்ரீம்) சப்போர்ட்ட 2027 கடைசியோட முடிக்கிறோம்னு 2020லயே சொல்லிட்டாங்க, அதனால எல்லாக் கம்பெனியும் அதோட புது வெர்ஷன் எஸ்4 ஹானாவுக்கு மாறிட்டு இருக்கு, எனக்கும் வேலைக்குக் குறையில்ல. அதுக்கு அப்புறம் என்னாகும்? பார்க்கணும். நோட்டு இன்னும் எழுதிட்டுதான் இருக்கேன். ஒண்ணு மட்டும் மிஸ் பண்றேன், ப்ளான்ட்ல அன்னன்னிக்குப் பார்த்த வேலை கண்ணுக்குத் தெரியும், ட்ரேல அடுக்கி இருக்கும். இங்க மெயில்தான் இருக்கு.

மருமகன் கதைக்கு வர்றேன். எப்ப சேர்ந்தன்னு கேட்டேன், நாலு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சாம். கிராஜுவிட்டிக்கு 5 வருஷம், ஆனா அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, சில கம்பெனி குடுக்கும், சில கம்பெனி முழுசா அஞ்சு வருஷம்தான்னு நிக்கும், எச்ஆர்ல கேட்டுக்கோன்னேன். பேசிக் 14 ஆயிரம், அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி அஞ்சு வருஷத்துக்குப் போட்டா 40 ஆயிரத்துக்கு மேல வருது. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "மேனேஜர் கத்துறத இன்னும் ஆறு மாசம் கேக்கணுமா மாமா?"ன்னான். கேளுடா, மாசம் ஆறாயிரத்து சொச்சம் தர்றாங்க அதுக்குன்னேன்.

பேப்பர் போடல. நேத்து மெசேஜ் பண்ணான், ஸ்டோர்ஸ்ல ஒரு அண்ணா சிஸ்டத்துல மாஸ்டர் டேட்டா போடுறாராம், அவர்கூட லஞ்ச்ல உட்கார ஆரம்பிச்சிருக்கான். அக்காதான் என்கிட்ட இன்னும் சரியா பேசல, நல்லா இருந்த புள்ளைய வேலைய விடச்சொல்லி நான்தான் ஏத்திவிட்டேன்னு நினைச்சுட்டு இருக்கா.