மவுஸ் அசையலையா? எக்ஸ் கான்ஃபிக் பக்கம் அப்புறம் போலாம்

லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ போட்டு எக்ஸை (திரையில விண்டோ, அம்புக்குறி எல்லாம் காட்டற ப்ரோக்ராம்) ஸ்டார்ட் பண்ணா அம்புக்குறி நடுவுல அப்படியே நிக்குது, உடனே நிறைய பேர் எக்ஸ்ஆர்க் கான்ஃபிக் ஃபைலை தொறந்து கண்ட வரியையும் மாத்த ஆரம்பிச்சிடறாங்க. தயவுசெஞ்சு கீழ இருந்து மேல வாங்க.

மொதல்ல கெர்னலுக்கு, அதாவது ஹார்ட்வேரோட நேரா பேசற சிஸ்டத்தோட அடிப்பகுதிக்கு, மவுஸ் தெரியுதா? யூஎஸ்பி மவுஸ்னா பிடுங்கி திரும்ப சொருகிட்டு டிமெஸேஜ் (dmesg, கெர்னல் எழுதற செய்திகளை காட்டற கமாண்ட்) பாருங்க. ஃப்ரீபிஎஸ்டில யூஎம்எஸ்0 மாதிரி ஒரு பேர் வரணும், பழைய பிஎஸ்/2 (வட்டமான ப்ளக் இருக்கற) மவுஸ்னா பூட் ஆகும்போதே பிஎஸ்எம்0னு வந்திருக்கும். லினக்ஸ்ல ஈவிடெஸ்ட்னு (evtest) ஒரு சோதனை கமாண்டை ஓடவிட்டு மவுஸை ஆட்டுங்க, வரிவரியா ஓடுச்சுனா கெர்னல் வரைக்கும் எல்லாம் சரி. ஒண்ணுமே வரலைனா எக்ஸ்ல என்ன மாத்தியும் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது ஃப்ரீபிஎஸ்டில ரொம்ப பேரை படுத்துற விஷயம். அங்க மவுஸ்டினு (moused) ஒரு டீமன், அதாவது பின்னணியில ஓடற ப்ரோக்ராம், இருக்கு, டெக்ஸ்ட் கன்சோல்ல கூட மவுஸால செலக்ட் பண்ணி பேஸ்ட் பண்ண முடியறது அதனாலதான், எனக்கு ரொம்ப பிடிச்ச வசதி. அது மவுஸ் டிவைஸை தானே தொறந்து வெச்சுக்கும், அந்த நேரத்துல எக்ஸும் நேரா பிஎஸ்எம்0வை கேட்டா 'டிவைஸ் பிஸி'னு சொல்லிடும். மவுஸ்டியை நிறுத்த வேண்டாம், எக்ஸ் கான்ஃபிக்ல டிவைஸை சிஸ்மவுஸ்னு (/dev/sysmouse) குடுங்க, மவுஸ்டி படிக்கறதெல்லாம் அங்கதான் வந்து சேருது, ரெண்டு மவுஸ் சொருகினாலும் ஒண்ணாவே வரும்.

இப்போ அசையுது, ஆனா தாறுமாறா ஓடி தானா க்ளிக் ஆகுதுனா அது ப்ரோட்டோகால் (மவுஸும் கெர்னலும் பேசிக்கற முறை) குழப்பம். சாதா பிஎஸ்/2 மவுஸ் ஒவ்வொரு அசைவுக்கும் 3 பைட் அனுப்பும், வீல் இருக்கற இன்டெலிமவுஸ் வகை 4 பைட், அந்த நாலாவதுலதான் வீல் சுத்தினது வருது. மவுஸ் 3 அனுப்ப கெர்னல் 4னு நெனச்சு படிச்சா எந்த பைட் எதுக்குனே தெரியாம போயிடும், பட்டன் நிலைமையை தூரம்னு எடுத்துக்கும், தூரத்தை பட்டன்னு எடுத்துக்கும். கேவிஎம் ஸ்விட்ச் (ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரை பல மெஷினுக்கு மாத்தற பெட்டி) வெச்சு ரெண்டு மெஷின் மாத்தறப்போ இது வரும், ஸ்விட்ச் நடுவுல மவுஸை ரீசெட் பண்ணிடும், கெர்னலுக்கு அது தெரியாது. லினக்ஸ்ல பிஎஸ்மவுஸ் (psmouse, பிஎஸ்/2 மவுஸுக்கான டிரைவர்) தனியா கழட்டி மாட்டக்கூடிய மாட்யூலா இருந்தா கழட்டி திரும்ப லோட் பண்ணுங்க, மவுஸ்கிட்ட புதுசா பேசி எத்தனை பைட்னு முடிவு பண்ணிக்கும். அப்பவும் அடங்கலைனா proto=bareனு குடுத்து லோட் பண்ணுங்க, வீல் போயிடும், ஆனா அம்புக்குறி சொன்ன பேச்சு கேக்கும்.