யார் அழித்தது என்று தேடாத டீம்

2017 ஜனவரி 31 இரவு. புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், ஒரு கோளாறைச் சரிசெய்யும் அவசரத்தில், சர்வர் மாறி டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பதறி நிறுத்தியபோது மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்குமே? டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2. இரண்டும் பொருந்தாததால் பேக்கப் தினமும் ஃபெயில் ஆகியிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை! ஆறு மணி நேரம் முன்னால் அதே இன்ஜினியர் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது.

எனக்குப் பிடித்தது அப்புறம் நடந்ததுதான். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். குறிப்புகளையும் ஊரே படிக்கும்படி திறந்துவிட்டார்கள். பிறகு வந்த விரிவான அறிக்கையில் அழித்தவரின் பெயர் கிடையாது. பேக்கப்பை ஏன் யாரும் சோதிக்கவில்லை என்று தங்களையே கேட்டு, அந்தப் பொறுப்பு யாரிடமும் இல்லை என்று எழுதினார்கள். இதை ஒப்புக்கொள்ள மேலிடத்துக்குத் தனித் தைரியம் வேண்டும். பல ஆபீஸ்களில் அந்த ராத்திரியே ஹெச்ஆர் மெயில் பறந்திருக்கும்.

டீமில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது அந்த அறிக்கையைத்தான்.