அப்பாவின் பதினேழாவது குரோமோசோம்

அப்பாவுக்கு சி.எல்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் இருப்பது 2019-இல் இங்கே ரங்கூனில் தெரிந்தது. அப்போது எடுத்த, குரோமோசோமில் துண்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனையில் 13-ஆவது குரோமோசோமில் மட்டும் ஒரு துண்டு இல்லை. சாதுவான வகைதான், மருந்தில்லாமல் கவனித்து வரலாம் என்றார் டாக்டர். நாலு வருஷம் அப்படியே ஓடியது.

2023-இல் கழுத்தில் கட்டிகள் திரண்டன, ஹீமோகுளோபின் இறங்கியது. ஃபுளுடராபின் என்ற மருந்து சேர்ந்த கீமோவைப் பற்றிப் பேச்சு வந்தது. அதற்கு முன் மரபணுச் சோதனையை மறுபடி செய்யச் சொன்னார் டாக்டர். "நல்ல ரிப்போர்ட் கையிலேயே இருக்கே, மறுபடி எதுக்குச் செலவு?" என்றார் அத்தை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். 17-ஆவது குரோமோசோமில் டி.பி.53 என்ற மரபணு இருக்கிறது. டி.என்.ஏ. சேதமான செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவதும், தேறாது என்றால் சாக வைப்பதும் அதன் வேலை. ஃபுளுடராபின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தித்தான் கொல்கிறது. டி.பி.53 கெட்டிருந்தால் அடிபட்ட செல்லும் பிழைத்துக்கொள்ளும். நோய் தெரியும்போது 100-இல் 5 முதல் 10 பேருக்குத்தான் அதில் கோளாறு இருக்கும். ஆனால் நோய் வளர வளரப் புதிதாகவும் வரும். துண்டே போயிருந்தால் ஃபிஷ் காட்டும். மரபணுவின் உள்ளே எழுத்து மட்டும் மாறியிருந்தால், அதை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங்கில்தான் தெரியும். அதனால் இரண்டும் வேண்டும்.

ரத்தம் பாங்காக் போனது. இங்கே எடுத்தவர்கள் இரண்டு குழாயையும் பச்சை மூடியிலேயே அனுப்பிவிட்டார்கள். அதிலுள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஃபிஷ்ஷுக்குச் சரி, சீக்வென்சிங்குக்கு இடைஞ்சல். அதற்கு ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாய் வேண்டும். பத்து நாள் வீண். அப்பாவின் மெலிந்த கையில் மறுபடி ஊசி. தயவுசெய்து ரத்தம் எடுக்கும்போதே மூடியின் நிறத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிஷ்ஷில் 17 முழுசாக இருந்தது. சீக்வென்சிங்கில் டி.பி.53 கெட்டிருந்தது. அந்த இரண்டாவது தாள் வராமல் போயிருந்தால் கீமோ ஏறியிருக்கும். கீமோவுக்குப் பதிலாக அப்பாவுக்கு இப்ருடினிப் மாத்திரை தொடங்கினார்கள். மாதாமாதம் அதை வாங்க நாங்கள் பட்டது தனிக் கதை.

முதல் மாதம் வெள்ளணு ஏறியது, பயந்துபோனேன். கட்டிக்குள் இருந்த செல்கள் ரத்தத்துக்கு வருகின்றன, முதலில் இப்படி ஏறுவது உண்டு என்றார் டாக்டர். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு காளி கோயிலுக்குக் கிளம்பினார். ரொம்ப நாளாக அந்தப் பொத்தான் கழுத்துக்கு எட்டாமல் இருந்தது.